ஒரே ட்ரஸ், நான்கு பேர்: இதில் மூன்றாம் நபர் யார்?

மாலை 5.40-க்கு மேடையின் பின்பக்கம் நிறுத்தியிருந்த எல்.இ.டி. சுவர் கடலைப் பார்த்துச் சாய்ந்தது. அதைத் தாங்கிய ட்ரஸ் என்ற அலுமினியச் சட்டமும் கூடவே விழுந்தது. பின்னால் நின்ற நான்கு பேருக்கு அடி. டிக்கெட் வாங்கி வந்த ஒரு அம்மா, காலையில் கயாக் (சின்னத் துடுப்புப் படகு) போட்டியில் ஓட்டி மெடலுக்காகக் காத்திருந்த ஒரு இளைஞர், லைட் செட்காரரிடம் நாள் கூலிக்கு வந்த ஒரு பையன், தன்னார்வலராக வந்த ஒரு கல்லூரி மாணவி. நால்வர் மீதும் விழுந்தது ஒரே ட்ரஸ்தான். பாலிசியைப் பிரித்து வைத்துப் பார்த்தபோது நால்வருக்கும் நான்கு விதமான பதில் வந்தது.

இந்தக் கேஸை நான் எழுதுவதற்குக் காரணம், அந்தப் பாலிசியைப் போட்டுக்கொடுத்தவன் நான். புதுச்சேரியில் பல வருடமாகப் பொதுக் காப்பீட்டு ஏஜென்ட் வேலை பார்க்கிறேன். கடை, லாரி, படகு, கல்யாண மண்டபம் என்று எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறேன். நிகழ்ச்சிக்கான பாலிசி அப்போது எனக்கு நாலாவதோ ஐந்தாவதோதான். என் தப்பும் இதில் உண்டு, அது எந்த இடத்தில் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நிகழ்ச்சி நடத்தியவரை 'தம்பி' என்றே வைத்துக்கொள்வோம், நேரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். கழிமுகத்தில் கயாக் கற்றுக்கொடுப்பதும் வாடகைக்கு விடுவதும் அவர் தொழில். பதினைந்து கயாக், நான்கு பேர் சம்பளத்துக்கு. வருடத்துக்கு ஒருமுறை ஒரு நாள் விழா வைப்பார். காலையில் போட்டி, சாயங்காலம் மேடை, பாட்டு, சாப்பாட்டுக் கடைகள். அந்த வருடம் 400 டிக்கெட், தலைக்கு 500 ரூபாய். போட்டிக்கு 60 பேர், தலைக்கு 800. மொத்த வசூல் 2,48,000. ஸ்பான்சர் பணம் தனி.

எல்லை தாண்டிய இடம்

நாள், ஆகஸ்ட் 16. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டாலும், சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல்தான் நடந்தது. அதனால் எங்களுக்கு 15-ம் விடுமுறை, 16-ம் விடுமுறை. முள்ளோடை தாண்டினால் கடலூர் மாவட்டம், அங்கே 16 வேலை நாள். விழா வைப்பவர்களுக்கு அந்த இரண்டு நாளும் பொன்னான நாட்கள்.

முதலில் முடிவான இடம் நரம்பை பக்கம், புதுச்சேரி எல்லைக்குள் ஒரு தென்னந்தோப்பு. ஆறு நாள் இருக்கும்போது தோப்புக்காரர் குடும்பத்தில் ஏதோ தகராறு, இடம் கிடையாது என்றுவிட்டார். தம்பி அங்கே இங்கே அலைந்து தெற்கே தாழங்குடா பக்கம் வேறொரு தோப்பைப் பிடித்தார். தென்பெண்ணை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கம். கயாக்குக்கு நல்ல தண்ணீர். ஆனால் அது தமிழ்நாடு. போலீஸ் அனுமதி, தீயணைப்புத் துறை, ஊராட்சி என்று எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியவர்களிடமும் போய்ச் சொல்லியாக வேண்டும், அவர்கள் வலை காயப்போடும் கரை அது. இத்தனையும் நான்கு நாளில் முடித்தார்.

பாலிசியை மாற்ற மட்டும் மறந்துவிட்டார். 13-ம் தேதி ராத்திரி பத்து மணிக்கு, வேறு எதற்கோ போன் செய்தவர் பேச்சோடு பேச்சாக, "தாழங்குடாவுல மேடை போட்டாச்சுண்ணே" என்றார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. பாலிசியில் நிகழ்விடம் என்ற கட்டத்தில் நரம்பைத் தோப்பின் விலாசம் இருக்கிறது. வேறு இடத்தில் நடந்த விபத்துக்கு அந்தப் பாலிசி பேசாது. அன்றிரவே மெயில் போட்டேன். 14-ம் தேதி காலை கிளை திறந்ததும் போய் உட்கார்ந்து, இடத்தை மாற்றி எழுதிய என்டார்ஸ்மென்ட் (பாலிசித் திருத்தம்) வாங்கினேன். கூடுதல் பிரீமியம் ஏதுமில்லை என்று அவர்களே எழுதிக்கொடுத்தார்கள். இருந்திருந்தால் அதையும் அங்கேயே கட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். பணம் வந்து சேராமல் கம்பெனி ஆபத்தை ஏற்கக் கூடாது என்பது 1938-ஆம் வருடத்துக் காப்பீட்டுச் சட்டத்தின் 64 வி.பி. பிரிவு. தம்பி ஒரு நாள் தள்ளி போன் செய்திருந்தால் கிளை இரண்டு நாள் பூட்டியிருக்கும், இந்த ஆய்வும் ஒரே பத்தியில் முடிந்திருக்கும்.

பாலிசியில் என்ன இருந்தது

பொதுமக்களுக்கான பொறுப்புக் காப்பு (பப்ளிக் லயபிலிட்டி), ஒரு விபத்துக்கு 25 லட்சம். முதல் 25,000 ரூபாய் அமைப்பாளர் தலையில், இதை எக்ஸஸ் என்பார்கள். பொருள் சேதத்துக்கு 12 லட்சம், சொந்தப் பொருள், வாடகைப் பொருள் இரண்டுக்கும் சேர்த்து, அதில் எக்ஸஸ் 20,000. நிகழ்ச்சி ரத்தானால் கிடைக்கும் காப்பை எடுக்கவில்லை. பிரீமியம் 21,000, 18 சதவீத ஜி.எஸ்.டி. 3,780, ஆக 24,780 ரூபாய்.

ரத்துக் காப்பை நான் இரண்டு முறை சொன்னேன், "ஆகஸ்டுல என்னண்ணே புயல்" என்று சிரித்தார். அது பெரிய தப்பில்லை. எங்கள் ஊர் அமைப்பாளர்களுக்குப் பயம் டிசம்பரில். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் ஏறியது. புத்தாண்டு இரவுக்காக நட்ட பந்தல் கால் ஒன்றுகூட நிற்கவில்லை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே கரை கடந்தது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி நேரத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி, "இப்ப எடுக்க முடியுமா சார்?" என்றுதான் இருக்கும். வானிலை மையம் பெயர் வைத்துச் சொல்லிவிட்ட புயலுக்கு யார் விற்பார்கள்? வீடு எரியும்போது தீக் காப்பீடு கேட்ட கதை.

இன்னொரு குழப்பம். அனுமதிக்கு 'பப்ளிக் லயபிலிட்டி பாலிசி' வேண்டும் என்றால், சிலர் 1991-ஆம் வருடத்து பப்ளிக் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் சட்டத்தின் கீழ் வரும் பாலிசியை வாங்கி வந்துவிடுகிறார்கள். அது போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு வந்தது. அபாயகரமான ரசாயனங்களைக் கையாளுபவர்களுக்குக் கட்டாயம். மேடையும் பாட்டும் வைப்பவருக்கு அது ஒரு பைசாவுக்கும் உதவாது. பெயர் மட்டும்தான் ஒன்று. தம்பி விஷயத்தில் நல்ல வேளையாக இந்தப் பிசகு நடக்கவில்லை.

காற்று எந்தப் பக்கம் வந்தது

எல்.இ.டி. சுவர் 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். அரை மீட்டருக்கு அரை மீட்டர் பெட்டிகள் 60. மேடையின் முதுகு கடலுக்கு, கூட்டத்தின் முகம் கடலுக்கு. ட்ரஸ்ஸின் இரண்டு தலையிலிருந்தும் பின்பக்கம் மணலில் அடித்த சவுக்குக் கட்டைகளுக்கு நைலான் கயிறு இழுத்துக் கட்டியிருந்தார்கள். அடியில் மணல் மூட்டைகள், அதுவும் பின்பக்கம்தான். கடற்கரை என்றால் கடல் காற்றுத்தானே அடிக்கும், சுவர் ஜனங்கள் பக்கம் விழாமல் பின்னால் பிடித்துக்கொண்டால் போதும் என்று கணக்கு. முன்பக்கம் கயிறு கட்டினால் பார்ப்பவர்களுக்கு மறைக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆகஸ்ட், செப்டம்பர் மாதச் சாயங்காலங்களில் எங்கள் ஊர் மழை கடலிலிருந்து வராது. மேற்கே, விழுப்புரம் பக்கம் இடி மேகம் திரண்டு, கிழக்கே நகரும். மழைக்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் காற்று வரும். தெரு மண் எல்லாம் கண்ணில் விழும். அன்றும் அதுதான் வந்தது, கூட்டத்தின் முதுகுப் பக்கமிருந்து. பின்பக்கக் கயிறுகள் தொய்ந்து சும்மா கிடந்தன. இழுத்துப் பிடிக்க வேண்டிய முன்பக்கத்தில் ஒன்றுமில்லை.

சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் மணலில் குந்தி ஒரு பழைய டைரியில் கணக்குப் போட்டுக் காட்டினார். 15 சதுர மீட்டர் சுவரை, மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று 90 கிலோவுக்கு மேலான விசையோடு தள்ளும். காற்று 72 ஆனால் அது இரட்டிப்பாகாது, நான்கு மடங்கு ஆகும், சுமார் 375 கிலோ. "இது சுவர் இல்ல சார், பாய்மரம்" என்றார். அதற்குள் ஊர்க்காரர் ஒருவர் வந்து நின்று, "நான் அஞ்சு மணிக்கே சொன்னேன், மேக்கால கறுத்துக்கிட்டு வருது, எறக்கிப்புடுங்கன்னு. பத்து நிமிஷம்னாங்க" என்றார். சர்வேயர் நிமிர்ந்து பார்த்தார். பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பொறுப்புக் காப்பின் விசித்திரம் இங்கேதான். அமைப்பாளர் மேல் தவறே இல்லை என்றால் அவருக்குச் சட்டப்படி பொறுப்பு இல்லை, பொறுப்பு இல்லையென்றால் பாலிசி யாருக்கும் எதுவும் தராது. அவர் மேல் அலட்சியம் இருந்தால்தான் பாலிசி பேசும். ஆனால் 'நியாயமான முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும்' என்று ஒரு நிபந்தனையும் அதே தாளில் இருக்கிறது. தெரிந்தே காதில் வாங்காமல் இருந்தார் என்றால் அந்த நிபந்தனை மீறல். ஆக, கொஞ்சம் தவறு இருக்க வேண்டும், ரொம்ப இருக்கக் கூடாது. அந்த ஊர்க்காரரின் வாக்குமூலம் நடுக்கோட்டில் உட்கார்ந்திருந்தது. கடைசியில், எச்சரிக்கை சொன்னது லைட் செட் மேஸ்திரியிடம், அமைப்பாளரிடம் அல்ல என்பது தெளிவானதால் தப்பித்தோம்.

ஒரு வாட்ஸ்அப் செய்தி

அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு, கடலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு தம்பி ஒரு செய்தி அனுப்பினார். விழாவுக்காக ஆரம்பித்த குழுவில், 300 பேருக்கு மேல் இருந்த குழுவில். "நடந்தது எங்க தப்பு. யாரும் கவலைப்பட வேண்டாம். எல்லா செலவும் நான் பாத்துக்கிறேன்."

மனுஷனாகப் பார்த்தால் அதைவிட நல்ல வார்த்தை கிடையாது. நம் ஊரில் அந்த இடத்தில் அப்படிச் சொல்லாதவன்தான் ஓடிப்போகப் பார்க்கிறான் என்று அர்த்தம். ஆனால் ஏறக்குறைய எல்லாப் பொறுப்புக் காப்பிலும் ஒரு நிபந்தனை உண்டு: கம்பெனியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, தொகை தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது. மூன்றாம் வாரம் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தில் அந்தச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட் இணைப்பாக வந்தது. யார் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

பதில் எழுத எனக்கும் ஒரு வக்கீல் நண்பருக்கும் இரண்டு சாயங்காலம் ஆனது. அது ஆறுதல் வார்த்தை, எந்தத் தொகையும் குறிப்பிடவில்லை, யார் பெயரும் இல்லை, அதனால் கம்பெனியின் தற்காப்பு எதுவும் கெட்டுப்போகவில்லை என்று வாதம். ஏற்றுக்கொண்டார்கள். இப்போதெல்லாம் நான் பாலிசியோடு ஒரு துண்டுச் சீட்டும் கொடுக்கிறேன். அதில் ஒரே வரி: 'முதலில் ஆஸ்பத்திரி, அடுத்து போலீஸ், மூன்றாவது எனக்கு போன், குழுவில் எழுதுவது எங்களைக் கேட்டுவிட்டு.' முதலுதவிக்கும் ஆம்புலன்சுக்கும் செலவு செய்வதை யாரும் தடுப்பதில்லை, தடுக்கவும் கூடாது.

நால்வர்

டிக்கெட் வாங்கிய அம்மாவுக்கு மணிக்கட்டு முறிவு. பிளேட் வைத்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவு 1,42,000. அவர் சந்தேகத்துக்கிடமில்லாத மூன்றாம் நபர். அமைப்பாளர் முதல் நபர், கம்பெனி இரண்டாம் நபர், பாலிசிக்குச் சம்பந்தமில்லாத வெளியாள் மூன்றாம் நபர். தடுப்புக் கயிறு இல்லாததால் மகனைப் படமெடுக்கப் பின்பக்கம் போயிருக்கிறார். 3 லட்சம் கேட்டார், 2,10,000-ல் முடிந்தது.

கயாக் இளைஞருக்கு நெற்றியில் 14 தையல், ஸ்கேன், மூன்று நாள் படுக்கை. 68,000 ரூபாய். இங்கேதான் என் தப்பு. பாலிசியின் விலக்குகளில் ஒன்று: போட்டியில் பங்கேற்கும்போது பங்கேற்பாளருக்கு ஏற்படும் காயம். கூடுதல் பிரீமியம் கட்டி அதைச் சேர்த்திருக்கலாம். நான் கேட்கவேயில்லை. விண்ணப்பத்தில் 'நிகழ்ச்சியின் தன்மை' என்ற இடத்தில் 'இசை, விளையாட்டு விழா' என்று எழுதிக்கொடுத்துவிட்டேன். எதிரில் உட்கார்ந்த அதிகாரியும் கேட்கவில்லை. கயாக் நடத்துபவரின் விழாவுக்கு, கயாக்கில் ஏறியவனுக்கு மட்டும் காப்பு இல்லாத பாலிசி!

கம்பெனி அந்த விலக்கைக் காட்டி மறுத்தது. 'பங்கேற்கும்போது' என்ற ஒரு சொல்லில் நாங்கள் தொங்கினோம். போட்டி காலை 11 மணிக்கு முடிந்துவிட்டது. நேரப் பதிவுத் தாள் இருக்கிறது. அதன் பிறகு அவர் குளித்து, சாப்பிட்டு, நண்பர்களோடு பாட்டுக் கேட்க உட்கார்ந்திருக்கிறார். மெடல் வாங்குவது துடுப்புப் போடுவது ஆகுமா? இரண்டு மாதம் இழுத்து, சரி என்றார்கள். 80,000-ல் முடிந்தது. ஆனால் அன்று காலையிலேயே முகத்துவாரப் பக்கம் இழுவையில் மாட்டிக் கவிழ்ந்த இரண்டு பேரைப் படகில் போய்த் தூக்கிவந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் 25 லட்சத்தில் 25 ரூபாய்கூட வந்திருக்காது. இதை நினைத்து ராத்திரி விழித்துக்கொண்டது ஒரு தடவை இரண்டு தடவை அல்ல.

இருவருக்கும் சேர்த்து 2,90,000. ஒரே விபத்து என்பதால் ஒரே எக்ஸஸ். கம்பெனி தந்தது 2,65,000.

கூலிக்கு வந்த பையனுக்கு 19 வயது, நெல்லிக்குப்பம் பக்கம். முழங்காலுக்குக் கீழே முறிவு. அவன் தம்பியின் ஆள் இல்லை, லைட் செட்காரரின் ஆள். லைட் செட்காரரிடம் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி கிடையாது. "பத்து வருஷமா இப்பிடித்தான் சார் ஓடுது" என்றார். எங்கள் பொறுப்புக் காப்பு, அமைப்பாளரின் ஊழியரையும் அவருடைய ஒப்பந்தக்காரரின் ஊழியரையும் சேர்த்தே விலக்கியிருந்தது. அப்போது நடப்பிலிருந்த 1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, ஒப்பந்தக்காரரின் தொழிலாளிக்கு முதன்மை வேலை கொடுத்தவரும் பொறுப்பு என்றது. கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். (அந்தச் சட்டம் இப்போது 2020-ஆம் வருடத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது.) விழா தம்பியின் தொழிலின் பகுதியா, இல்லையா என்று வாதாட வக்கீல் தயாராக இருந்தார். தம்பி, "அந்தப் பையன் கிட்டப் போய் இதைப் பேசச் சொல்றீங்களா?" என்றார். கொடுத்துவிட்டார். ஆஸ்பத்திரிச் செலவு 95,000. தற்காலிக ஊனத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை, மாதச் சம்பளத்தில் கால் பங்கு. சட்டம் கணக்கில் எடுத்த உச்ச சம்பளம் 15,000, ஆக 3,750 வீதம் மூன்று மாதத்துக்கு 22,500. லைட் வாடகையில் 50,000 பிடித்துக்கொண்டார்.

மாணவியின் கதைதான் எனக்கு இன்னும் முள்ளாகக் குத்துகிறது. முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை, 1,30,000. அவருக்குச் சம்பளம் கிடையாது, ஒரு டி-ஷர்ட், மதியச் சாப்பாடு, கடைசியில் ஒரு சான்றிதழ். சம்பளம் இல்லாததால் தொழிலாளர் சட்டத்தில் அவர் தொழிலாளி இல்லை. எங்கள் பாலிசியிலோ, 'ஊழியர்' என்ற சொல்லுக்குக் கொடுத்திருந்த விளக்கத்தில் 'அமைப்பாளரின் கட்டளைப்படி ஊதியமின்றி வேலை செய்பவரும்' என்று இருந்தது. ஒரு பக்கம் ஊழியர் இல்லை என்று தள்ளுகிறார்கள், மறுபக்கம் ஊழியர்தான் என்று தள்ளுகிறார்கள். அவருடைய அப்பா என் ஆபீசுக்கே வந்து, எதிரில் உட்கார்ந்து, சத்தம் போடாமல் கேட்டார்: "அப்ப என் பொண்ணு அங்க யாரு சார்?" அந்த நாளுக்கு மட்டும் ஒரு குழு தனிநபர் விபத்துக் காப்பு எடுத்து, தன்னார்வலர் பட்டியலைச் சேர்த்திருந்தால் அவருக்கு என்னிடம் பதில் இருந்திருக்கும். அந்தச் செலவையும் தம்பிதான் கட்டினார்.

பன்னிரண்டு லட்சத்தில் ஆறு லட்சம்

எல்.இ.டி. வாடகைக்கு எடுத்தது. 'வாடகைப் பொருளும் சேரும்' என்று பாலிசியில் நான் எழுதி வாங்கியிருந்தேன், அந்த மட்டில் எனக்குக் கொஞ்சம் திருப்தி. 22 பெட்டிகள், ஒரு பிராசஸர், ட்ரஸ் எல்லாம் சேர்த்துச் சேதம் 6,30,000 என்று சர்வேயர் மதிப்பிட்டார். தம்பிக்கு நிம்மதி, காப்பு 12 லட்சம் இருக்கிறதே. ஆனால் அன்று அந்த இடத்தில் இருந்த எல்லாப் பொருளின் மதிப்பு, ஜெனரேட்டர், ஒலிபெருக்கி, கயாக் உட்பட, 18 லட்சம். மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் காப்பு எடுத்திருக்கிறீர்கள், சேதத்திலும் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். இதைச் சராசரி விதி என்பார்கள். 4,20,000. எக்ஸஸ் போக 4,00,000. எல்.இ.டி.யை வாடகைக்கு விட்டவர் கேட்டது 6,40,000.

தம்பி, காப்பீட்டுப் புகார்களைத் தீர்த்துவைக்கும் ஒம்புட்ஸ்மேனிடம் போகலாமா என்றார். போகலாம்தான். தனி உரிமையாளர் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் அங்கே வழி உண்டு, 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம். புதுச்சேரியும் காரைக்காலும் சென்னை அலுவலகத்தின் கீழ் வருகின்றன. (மாஹேக்காரர் கொச்சிக்கும் யானம்காரர் ஹைதராபாத்துக்கும் போக வேண்டும், நாங்கள் அப்படிப்பட்ட ஊர்.) ஆனால் கணக்கு சரியாக இருக்கும் இடத்தில் போய் என்ன சொல்வது? வேண்டாம் என்றேன்.

கணக்கைக் கூட்டினால் தம்பியின் கையைவிட்டுப் போனது: எக்ஸஸ் 25,000, கூலிப் பையனுக்கு 67,500, மாணவிக்கு 1,30,000, எல்.இ.டி. வித்தியாசம் 2,40,000. மொத்தம் 4,62,500. டிக்கெட் வசூலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

பனியில் கற்றவர்கள்

இந்தக் கேஸுக்குப் பிறகுதான் நான் பனிச்சறுக்கு நடத்துபவர்களின் காப்பீட்டைப் பற்றித் தேடிப் படித்தேன். நாற்பது டிகிரி வெயிலில் உட்கார்ந்து பனியைப் பற்றிப் படிப்பது வேடிக்கைதான். ஆனால் அவர்களுடைய பிரச்சினை கயாக்காரரின் பிரச்சினையேதான்: பணம் கட்டி, தெரிந்தே ஆபத்தில் இறங்குகிறவனுக்கு அடிபட்டால் யார் பொறுப்பு?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்ட்ராட்டன் என்ற பனிமலை நிறுவனத்துக்கு எதிரான வழக்கு ஒன்று. சறுக்குப் பாதையில் மறைந்திருந்த ஒரு புதரில் மாட்டி விழுந்து, கற்றுக்குட்டி இளைஞர் ஒருவர் கை கால் செயலிழந்துபோனார். 15 லட்சம் டாலர் இழப்பீட்டை அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1978-ல் உறுதி செய்தது. அந்தத் தொழிலின் காப்பீட்டுச் சந்தையே ஆடிப்போனது. அதன் பிறகு பல மாநிலங்கள் எது விளையாட்டோடு கூடப் பிறந்த ஆபத்து, எது நடத்துபவரின் கடமை என்று சட்டம் போட்டுப் பிரித்தன. கொலராடோ 1979-ல் செய்தது. அந்தக் கொலராடோவில்கூட, 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், சட்டம் விதித்த பாதுகாப்புக் கடமையை மீறியிருந்தால் முன்கூட்டியே வாங்கிய கையெழுத்து நடத்துபவரைக் காப்பாற்றாது என்றது. சறுக்குபவர்களை மலை மேல் ஏற்றிச்செல்லும் கம்பி நாற்காலியிலிருந்து ஒரு சிறுமி விழுந்த வழக்கு அது.

தம்பியும் 60 பேரிடம் 'என் சொந்தப் பொறுப்பில் கலந்துகொள்கிறேன்' என்று கையெழுத்து வாங்கி ஃபைல் போட்டு வைத்திருந்தார், அதைப் பெரிய கவசமாக நினைத்தார். நம் நாட்டில் 2019-ல் உச்ச நீதிமன்றம் ஒரு ஓட்டல் வழக்கில் சொல்லிவிட்டது: கார் நிறுத்தும் சீட்டில் 'உரிமையாளர் பொறுப்பு' என்று அச்சடித்துவிட்டால் ஓட்டலின் அலட்சியம் மன்னிக்கப்படாது. காருக்கே அப்படியென்றால் முழங்காலுக்கு? அந்தப் படிவம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆபத்தைச் சொல்லிப் புரியவைத்தோம் என்பதற்கு அது சாட்சி. அதற்கு மேல் அதிலிருந்து எதிர்பார்க்கக் கூடாது.

பனிச்சறுக்குக் கடைகளில் இன்னொரு பழக்கம் பிடித்தது. காலணியைப் பலகையோடு பிணைக்கும் கொக்கி, விழும்போது சரியான நேரத்தில் விடுபட வேண்டும். அதை ஆளின் எடை, உயரம், வயது, திறமை பார்த்துத் திருகி வைத்து, யாருக்கு என்ன அளவு வைத்தோம் என்று எழுதி வைக்கிறார்கள். நாம் லைஃப் ஜாக்கெட்டைக் குவியலிலிருந்து எடுத்து வீசுகிறோம்.

நம் நாட்டுப் பனியிலும் ஒரு காற்று அடித்தது. 2017 ஜூன் 25, குல்மார்க். பலத்த காற்றில் மரம் ஒன்று ரோப்வே கம்பி மேல் விழுந்து, ஒரு பெட்டி கீழே போனது. ஏழு பேர் இறந்தார்கள். டெல்லியிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒரு குடும்பத்தின் நால்வர், அவர்களோடு ஏறிய உள்ளூர் வழிகாட்டிகள் மூவர். அந்தச் செய்தியை இரண்டாம் முறை படித்தபோது என் கண் அந்த மூவரிடம்தான் நின்றது.

அடுத்த வருடம்

தம்பி மறுபடி விழா வைத்தார், இந்த முறை மேடை சின்னது, எல்.இ.டி. கிடையாது. ஜூலையிலேயே வந்துவிட்டார். கையில் ஒரு கோடு போட்ட நோட்டு. அதில் விழா நாளில் அந்தத் தோப்புக்குள் காலடி வைக்கப்போகிற எல்லோரையும் எழுதியிருந்தார்: டிக்கெட்காரர், போட்டியாளர், தன் சம்பள ஆட்கள் நாலு பேர், லைட் ஆட்கள், பந்தல் ஆட்கள், பாடுகிறவர்கள், தன்னார்வலர் 22 பேர் பெயரோடு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் எந்தப் பாலிசி என்று எழுத ஒரு கட்டம். போட்டியாளருக்கு நீட்டிப்பு, தன்னார்வலருக்கு விபத்துக் காப்பு, லைட் செட்காரரிடமிருந்து தொழிலாளர் பாலிசி நகல். பிரீமியம் மொத்தம் போன தடவையைவிட இரண்டு மடங்குக்குக் கிட்டே வந்தது. முகம் சுளித்தார், ஆனால் பேரம் பேசவில்லை.

ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"அண்ணே, குச்சி ஐஸ் வண்டிக்காரர் வருவார். நான் கூப்பிடல, அவரா வருவார். அவர் எந்தக் கணக்கு?"

எனக்குத் தெரியவில்லை. கிளைக்குப் போன் செய்தேன், மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பதில் வந்தது: மேடை அவர் மேல் விழுந்தால் மூன்றாம் நபர், அவர் வண்டி யார் மேலாவது ஏறினால் எங்களுக்குச் சம்பந்தமில்லை. தம்பி அதை அப்படியே கட்டத்தில் எழுதிக்கொண்டு, வண்டியை மேடையிலிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்தச் சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்தார்.